ஜெயிக்கிறவனுக்கு ஹாஃபிஸா

ஷார்ஜா
10.5.1996

அன்புத் தங்கை ஹாஃபிஸாவுக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் என் ஸலாம். நான் நலம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, தண்ணீர்க் குழாயைத் திறந்தால் டீ போடலாம்.

இந்தக் கடிதத்தை அல்லா பிச்சை மாமா கையில் கொடுத்து அனுப்புகிறேன். மாமாவும் ஜாஃபர் சாதிக் மச்சானும் சேர்ந்தே லீவில் ஊருக்கு வருகிறார்கள். அப்பாவும் பிள்ளையும் ஒன்றாகக் கிளம்பிவிட்டதால் மாமாவின் மளிகைக் கடை முழுக்க என் தலையிலும் கூட வேலை பார்க்கிற பக்கிரி தலையிலும். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுக்கும் கடிதத்தை ஒட்டக் கூடாது, ஒட்டினால் நம்பவில்லையா என்று முகம் சுளிப்பார்கள். அதனால் இதில் ரகசியம் எதுவும் இல்லை. என்னிடம் அப்படி ஒன்றும் ரகசியம் இருப்பதாகவும் தெரியவில்லை.

வீடியோ கேமின் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் உதைக்கிற பொத்தான் உள்ளே போய்விட்டது, வேறு வாங்கி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். மூன்று கடை ஏறி இறங்கினேன். அந்த மாடலே இப்போது வருவதில்லையாம். எல்லோரும் சிடியில் ஓடுகிற புதுப் பெட்டிக்குப் போய்விட்டார்கள். கடைக்காரன் என்னை ஏதோ பழைய இரும்பு வாங்க வந்தவன் மாதிரி பார்த்தான். அதனால் அடாப்டர் மட்டும் அனுப்பியிருக்கிறேன். கேசட்டை வாயால் ஊதாதே, எச்சில் பட்டுத் துரு ஏறும்.

நீ பெரிய பெண் ஆனதும் தெருவில் விளையாட விடவில்லை என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாயே, அதற்காக என் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய பெட்டி அது. இப்போது நம் சொந்தக்காரப் பையன்கள் ஒருவன் பாக்கியில்லாமல் அந்தச் சண்டை கேமில் உன் சடைக்காரி பொம்மையிடம் உதை வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று அம்மா எழுதச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்குக் கவலை, எனக்குப் பெருமை. அம்மாவிடம் சொல், அத்தா இல்லாத வீட்டில் அத்தா ஸ்தானத்தில் இருந்து நான் சொல்கிறேன்: ஹாஃபிஸாவுக்கு மாப்பிள்ளை தேடி அலைய வேண்டாம். அந்த கேமில் அவளை எவன் ஜெயிக்கிறானோ அவனுக்கே கட்டிக் கொடுத்துவிடலாம். கடைசி வரை நம் வீட்டிலேயே இருப்பாய், எனக்கும் வந்தால் மீன் குழம்பு கிடைக்கும்.

அம்மாவின் மூட்டு வலிக்குத் தைலம் இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்
ஹஸ்ஸான்


ராஜகிரி
4.6.1996

அண்ணனுக்கு,

மாமா கொண்டுவந்த உங்கள் கடிதம் எனக்கு முந்தாநாள்தான் கிடைத்தது. மாமா வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. தைலம் வந்த அன்றே வந்துவிட்டது, கடிதம் மட்டும் அவர் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது. அதற்குள் இங்கே என்னென்னவோ நடந்துவிட்டது.

மே இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாமாவும் மாமியும் ஜாஃபர் மச்சானும் வீட்டுக்கு வந்தார்கள். பேச்சுக்கு நடுவில் மாமா என்னைப் பார்த்து, மச்சானோடு ஒரு ஆட்டம் விளையாடும்மா, பார்க்கலாம் என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. விருந்தாளி என்று நல்ல ஜாய்ஸ்டிக்கை அவருக்குக் கொடுக்கச் சொல்லி அம்மா கண்ணைக் காட்டினார்கள். பொத்தான் போனதை நான் வைத்துக்கொண்டேன். அவர் மொட்டையனை எடுத்தார், நான் வழக்கம்போல் சடைக்காரி. உதைக்க முடியாது, சடையால் மட்டும்தான் அடிக்கலாம். அதிலும் முதல் ரவுண்டு நான்தான் ஜெயித்தேன். அடுத்த இரண்டும் அவர் ஜெயித்தார்.

உடனே மாமா கைதட்டிச் சிரித்து, ‘ஹஸ்ஸான் போட்ட கண்டிஷன் நிறைவேறிடுச்சு தங்கச்சி’ என்று அம்மாவிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் என்னவென்று புரியாமல் சிரித்தேன். மறுநாள் மாமி வெற்றிலையும் பழமும் கொண்டுவந்தார்கள். அதற்கு மறுநாள் தெருவே என்னைப் பார்த்து மாப்பிள்ளை எப்போது வெளிநாட்டுக்கு சபர் போகிறார் என்று கேட்கிறது. பிறகுதான் மாமா உங்கள் கடிதத்தை எடுத்து, அந்த வரியில் விரலை வைத்து அம்மாவிடம் கொடுத்தார். பெண்ணுக்கு வலியாக, பொறுப்பாளியாக இருக்கிறவன் கைப்பட எழுதியிருக்கிறான், இனி யாரைக் கேட்பது என்கிறார்.

நீங்கள் விளையாட்டுக்குத்தான் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், மாமாவுக்கும் நிச்சயம் தெரியும். தெரிந்தேதான் எல்லோரும் தெரியாதது மாதிரி இருக்கிறார்கள். எனக்கு ஜாஃபர் மச்சானைக் கட்டிக்கொள்ள இஷ்டம் இல்லை. அது வேடிக்கையாக எழுதியது, என் தங்கைக்குச் சம்மதம் இல்லாமல் நான் கொடுக்க மாட்டேன் என்று அம்மா பேருக்கு ஒரு கடிதம் போடுங்கள். போன் செய்ய வேண்டாம். போன் மாமா வீட்டில்தான் இருக்கிறது, மாமி பக்கத்திலேயே நிற்பார்கள்.

சீக்கிரம் எழுதுங்கள்.

ஹாஃபிஸா


ஷார்ஜா
20.6.1996

அன்புள்ள ஹாஃபிஸா,

உன் கடிதம் பார்த்து எனக்குத் தலை சுற்றிவிட்டது. நான் வேடிக்கையாக எழுதியதை இப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அம்மாவுக்கு எழுதுகிறேன். எப்படி எழுதுவது என்றுதான் யோசிக்கிறேன்.

கோபப்படாமல் படி. என்னை இங்கே கொண்டுவந்தவர் மாமா. நான் தூங்குகிற கட்டில் அவர் போட்டது. என் பாஸ்போர்ட் அவர் பெட்டியில் இருக்கிறது. அதெல்லாம் எல்லோர் விஷயத்திலும் அப்படித்தான், அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘முடியாது’ என்று எழுதுவதற்கு முன்னால் நான் எங்கே நின்றுகொண்டு எழுதுகிறேன் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மச்சானை உனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று நீ எழுதவில்லை. அவர் நல்லவர்தான். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, தொழுகை தவறாது. கொஞ்சம் கோபம் உண்டு, அவ்வளவுதான். இன்னொன்றையும் யோசி. கல்யாணம் ஆனாலும் அவர் இங்கேதான் இருக்கப்போகிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மூன்று மாதம். நீ அம்மாவோடுதான் இருப்பாய். நம் தெருவில் பாதிப் பேர் அப்படித்தானே வாழ்கிறார்கள்.

இது முடிவு இல்லை. நீ உன் மனசை எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஹஸ்ஸான்


ராஜகிரி
5.7.1996

அண்ணனுக்கு,

அம்மாவுக்கு நீங்கள் எழுதிய கடிதம் இன்னும் வரவில்லை. எழுதினீர்களா?

கொஞ்சம் கோபம் என்றால் எவ்வளவு? அவரோடு ஒரே அறையில் இரண்டு வருஷமாக இருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் அளவு தெரியும்.

ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டீர்கள். போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன், எழுதினால் சின்னப்பிள்ளைப் பேச்சு என்பீர்கள் என்று. முதல் ரவுண்டில் மொட்டையன் விழுந்ததும் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். ஆனால் ஜாய்ஸ்டிக் வயரை விரலில் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார், விரல் நுனி வெளுத்துப்போகும் அளவுக்கு. பிறகு டிவியைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ‘இன்னொரு தடவ ஜெயிச்சுப் பாரு’ என்றார். சிரிப்பு மாறவே இல்லை. பின்னால் இருந்தவர்களுக்கு அந்தச் சிரிப்புதான் தெரிந்தது.

என்னை யாரும் அந்த விளையாட்டில் அடித்ததில்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாழாய்ப்போன ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டே அடுத்த ரவுண்டையும் முடித்திருப்பேன். பயந்துவிட்டேன் அண்ணே. விட்டுக்கொடுத்தேன். நான் தோற்றதும் அவர் முகம் எப்படித் தெளிந்தது தெரியுமா, நல்ல பிள்ளை மாதிரி அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஒரு விளையாட்டில் தோற்றதற்கே இப்படி என்றால், வீட்டில் ஒரு பேச்சில் நான் ஜெயித்துவிட்டால் என்ன ஆகும்? காலம் முழுக்க அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருக்க என்னால் ஆகாது.

அம்மாவிடம் சொன்னேன். ஆம்பளைக்கிட்ட விட்டுக்கொடுத்துப் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார்கள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையாகவே என்ன குறையும் என்று தெரியாத மாதிரி கேட்டார்கள்.

நேற்று மச்சான் வந்து வீடியோ கேமை வயரோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எப்படியும் அந்த வீட்டுக்கு வரவேண்டியதுதானே, இப்போதே இருக்கட்டும் என்றாராம். நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா பை கொடுத்து உதவினார்கள்.

ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. குறுவைக்கு நாற்று விட்டவர்கள் எல்லாம் குடமுருட்டிப் பாலத்தில் போய் நின்று மணலைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் என்று பேசிவிட்டார்கள். மச்சான் லீவு முடிவதற்குள் முடிக்க வேண்டுமாம். உங்களுக்குப் பதிலாக அத்தாவின் தம்பி சாச்சா நின்று நடத்திக்கொடுக்க, நீங்கள் சம்மதித்து வக்காலத்து எழுதித் தர வேண்டும். அந்தத் தாளை யார் கையிலோ மாமா அனுப்பியிருக்கிறார். நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் நடக்காது. நீங்கள் சண்டை போட வேண்டாம், மறுக்கக்கூட வேண்டாம். போடாமல் சும்மா இருந்தால் போதும்.

ஹாஃபிஸா


ஷார்ஜா
26.7.1996

அன்புள்ள ஹாஃபிஸா,

தாள் வந்தது. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மாமா மூன்று தடவை கடைக்குப் போன் செய்தார். ஒரு தடவைகூட மிரட்டவில்லை. கடை எப்படி நடக்கிறது, அரிசி வந்ததா, தாள் வந்ததா, இவ்வளவுதான் கேட்டார். மூன்றாவது தடவை, உன் தங்கச்சி என் வீட்டுக்கு வந்தால் எனக்கு மகள் இல்லாத குறை தீரும் என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? நான் திரும்பி வந்தால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்று நீயே சொல். அத்தா போன பிறகு ஒரு வருஷம் எப்படி ஓட்டினோம் என்று உனக்கு நினைவில்லாமல் இருக்காது.

நீ எழுதியது சின்னப்பிள்ளைப் பேச்சு இல்லை. எனக்குப் புரிகிறது. யாருக்கும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன், உனக்கு உதவும் என்றுதான்.

இங்கே எங்கள் அறையிலும் அதே மாதிரி ஒரு பெட்டி இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டதும் மச்சான் என்னை விளையாடக் கூப்பிடுவார். வந்த புதிதில் விவரம் தெரியாமல் ஒரு நாள் ஜெயித்துவிட்டேன். பக்கிரி வேறு சிரித்துவிட்டான். மச்சானும் என் தோளில் தட்டிச் சிரித்தார். இரண்டு நாள் கழித்து நான் குடோனில் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கும்போது வெளியே ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டார். ஜூன் மாதத்து மத்தியானம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் திறந்தார். நீ உள்ளே இருக்கிறாய் என்று மறந்தே போய்விட்டேன் மாப்ளே என்று அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் ஜெயித்ததில்லை. கஷ்டம் ஒன்றும் இல்லை. அவர் அடி வருவது தெரிந்ததும் பொத்தானைத் துளி தாமதமாக அழுத்த வேண்டும். ரொம்பவும் தாமதித்தால் கண்டுபிடித்துவிடுவார், அதற்கும் கோபம் வரும். கடைசி வரை போராடுகிற மாதிரி போராடி அப்புறம்தான் விழ வேண்டும். இரண்டு வருஷமாகிவிட்டது, இப்போது யோசிக்காமலே வருகிறது. மற்ற நேரத்தில் அவர் என்னிடம் எவ்வளவு பிரியமாக இருப்பார் தெரியுமா? காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். நீ என்னைவிடக் கெட்டிக்காரி, சீக்கிரம் பழகிக்கொள்வாய்.

உனக்குப் பச்சையில் ஒரு ஜார்ஜெட் சேலை அனுப்பியிருக்கிறேன். கல்யாணத்துக்கு வர முடியாததற்கு மன்னித்துக்கொள்.

ஹஸ்ஸான்


ராஜகிரி
14.8.1996

அண்ணனுக்கு,

உங்களுக்கு இதற்குள் போனில் செய்தி வந்திருக்கும். மாமா எப்படிச் சொல்லியிருப்பாரோ தெரியாது. நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வந்தது. வீடு நிறையப் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து படித்தேன், அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்று. நீங்கள் கையெழுத்துப் போட்டதற்காக அழவில்லை. அது எனக்கு முன்பே தெரியும். தெருவே பயப்படும் அத்தாவிடம் எதிர்த்து வாதாடிய பிள்ளை நீங்கள். பொத்தானை எவ்வளவு தாமதமாக அழுத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறீர்களே. என் அண்ணனை இப்படி ஆக்கிவிட்டார்களே என்று அழுதேன். அதுவரைக்கும் நான் பாதி மனசாகத்தான் இருந்தேன். அம்மாவுக்காக, உங்களுக்காக, போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன். படித்து முடித்தபோது தீர்மானமாகிவிட்டது. நாளைக்கு எனக்கு ஒரு மகள் பிறந்தால், அவளுக்கு இப்படி ஒரு கடிதம் நான் எழுதக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சாச்சாவும் இரண்டு சாட்சிகளும் பெண்கள் இருந்த அறைக்கு வந்து சம்மதம் கேட்டார்கள். பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்வது வழக்கம். எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் பேசியதில்லை, வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். சாச்சா பதிலை எதிர்பார்க்காமல் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். எனக்குச் சம்மதம் இல்லை என்றேன். அவர் காதில் விழாத மாதிரி மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். மாமி என் தோளை அழுத்தி, பொண்ணு பயத்துல உளறுது, எழுதிக்கங்க என்றார்கள். அப்புறம்தான், வெளியே பந்தலில் இருக்கிற ஆண்களுக்குக் கேட்கட்டும் என்று, உரக்கச் சொன்னேன்: ‘என் அண்ணன் சம்மதம் கொடுத்தாங்க. நான் கொடுக்கல.’

நிக்காஹ் ஓத வந்திருந்த ஹஸ்ரத், சாச்சாவைக் கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். பெண் வாய் திறந்து மறுத்த பிறகு நிக்காஹ் இல்லை என்று சொல்லி கல்யாணப் பதிவு தஃப்தரை மூடினார். அவர் ஒருவர்தான் என்னைத் திட்டவில்லை. மாமா மாலையோடு நின்ற மச்சானை அழைத்துக்கொண்டு போய்விட்டார். மச்சான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது நான் இருந்த ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வெந்த பிரியாணியை யாரும் தொடவில்லை. சாயங்காலம் சட்டிகளை வண்டியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள்.

உங்களை மாமா என்ன செய்வார் என்று தெரிந்தேதான் சொன்னேன். தெரியாமல் வாய் தவறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டு அனுப்பினால் வந்துவிடுங்கள். பாபநாசத்தில் ஏதாவது கடையில் கணக்கு எழுதலாம், நானும் தைத்துக் கொடுக்கிறேன். எப்படியாவது சமாளிப்போம். வந்துவிடுங்கள் அண்ணே.

ஹாஃபிஸா


ராஜகிரி
2.12.1996

அண்ணனுக்கு,

ஆகஸ்டுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நடுவில் இரண்டு கடிதம் போட்டேன். ஊருக்கு வந்தவர்களிடம் விசாரித்தால் ஹஸ்ஸான் அதே கடையில்தான் இருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்கிறார்கள். மாமா உங்களை அனுப்பவில்லை என்று கேட்டு முதலில் நிம்மதியாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அம்மா என்னிடம் நேராகப் பேசுவதில்லை. சுவரைப் பார்த்து, சோறு வைத்திருக்கிறது என்கிறார்கள். தெருவில் ஒருவரும் தைக்கக் கொடுப்பதில்லை, பாபநாசத்திலிருந்துதான் துணி வாங்கி வருகிறேன். கார்த்திகை மழை விடாமல் கொட்டி, தாமதமாக நட்ட சம்பா முழுக்கத் தண்ணீரில் நிற்கிறது.

ஜாஃபர் மச்சானுக்கு லீவை நீட்டித்து அய்யம்பேட்டையில் பெண் எடுத்தார்கள். தஹ்மீனா என்று பெயர், என் வயசுதான். அவர் கிளம்பிப் போன பிறகு மவ்லிது ஓதின ஒரு வீட்டில் அந்தப் பெண் தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. ‘உங்க வீட்டு வீடியோ கேம் எங்க வீட்லதான் இருக்கு அக்கா. எனக்கு ஆடவே வரல, எப்பவும் அவங்கதான் ஜெயிக்கிறாங்க’ என்று வெகுளியாகச் சொன்னாள். நல்லது, அப்படியே இரு என்று என் வாயில் வந்தது. சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உங்களைத் திட்டினேனே, நானும் அந்தப் பெண்ணுக்கு அதையேதான் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

என்மேல் கோபமாக இருந்தால் கோபமாகவே எழுதுங்கள். என்னைத் திட்டியாவது ஒரு வரி போடுங்கள்.

ஹாஃபிஸா


ஷார்ஜா
17.1.1997

ஹாஃபிஸா,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. எனக்கு உன்மேல் கோபம் என்று நினைக்கிறாய். ஒரு நாள்கூட இல்லை.

மாமா என்னை எதுவும் கேட்கவில்லை. கடையில் முன்பு போலவேதான் இருக்கிறேன். சம்பளத்தில் அம்மாவுக்கு அனுப்புவது தவறாமல் வந்துகொண்டிருக்கும். மச்சானைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அதை நீ கேட்காதே. நீ அன்றைக்குச் சொன்னதைப் பக்கிரிக்கு அவன் ஊர்க்காரர் யாரோ சொல்லியிருக்கிறார். உன் தங்கச்சியா அப்படிச் சொன்னது என்று என்னிடம் கேட்டான். ஆமாம் என்றேன். இரண்டு பேரும் பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

போன வாரம் நோன்பு திறந்த பிறகு மாமா என்னைக் கூப்பிட்டு, பெருநாளுக்கு ஊருக்குப் போய்விட்டு வா, டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்தார். உண்மையாகத்தான் சொன்னார். இரண்டரை வருஷமாக நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் நீதான் கதவைத் திறப்பாய். உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் மாமாவிடம் மறுத்துப் பேசியது இது ஒன்றுதான்.

ஹஸ்ஸான்